மோரி குளம்

சிட்னியிலிருந்து தனியாகத்தான் கார் ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். வாரம்பங்கிள் மலையடியில் ரெண்டு ராத்திரி கூடாரம். வானம் பூரா நட்சத்திரம். அதற்கும் வடக்கே மோரி. பூமிக்கடியிலிருந்து வரும் சுடுதண்ணிக் குளம் அங்கே இருக்கு. ஆதிக்குடிகள் அதில் இறங்கக் கூடாதென்று 1955இல் நகரசபையே தீர்மானம் போட்டிருந்தது. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்கின்ஸ், மாணவர்களோடு பஸ்ஸில் வந்து, ஆதிக்குடிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முட்டையும் தக்காளியும் பறந்தன. அப்புறம்தான் கதவு திறந்தது.

எங்கூர்க் கிணத்தில் எங்கம்மா வாளி போட்டதில்லை. குடத்தை வச்சுட்டு ஓரமா நிக்கணும். யாராவது மனசு வந்து ஊத்தணும். அதுவரைக்கும் வெயில்தான்.

சீட்டு கொடுத்த பெண் மீதிச் சில்லறையை என் கையிலேயே வைத்தாள். கழுத்தளவு தண்ணியில் உட்கார்ந்தேன். விரலெல்லாம் சுருங்கிப்போச்சு. எழுந்திரிக்க மனசு வரல.