பூம்பாறைக்கு வழி சொல்லுமா பெட்டி?

ரயிலில் கொடைக்கானல் போக ஆசைப்பட்டு, 'கொடைக்கானல் ரோடு' ஸ்டேஷனில் இறங்கி, "ஏரி எந்தப் பக்கம் சார்?" என்று கேட்கிற ஆசாமிகள் இன்றைக்கும் உண்டு. ஸ்டேஷன் இருப்பது அம்மையநாயக்கனூரில். ஏரி இருப்பது அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, மலை உச்சியில்! பெயர்ப் பலகையை நம்பினவர் கதி இது. செல்போன் மேப்பில் தெரிகிற கோட்டை நம்பி பைக்கை விடுகிறவர் கதி?

ஆபீஸில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும். நாலு பையன்கள் கேன்டீனில் கூடி கிசுகிசுக்கிறார்கள். ஏதாவது காதல் விவகாரமோ என்று காதைக் கொடுத்தால், "அடுக்கம் ரூட்டா, பழநி ரூட்டா?" என்று பட்டிமன்றம்! கூடவே ஒரு கேள்வி: "மலைக்குப் போக எந்த ஜி.பி.எஸ். வாங்கலாம்?"

கடைக்குப் போகுமுன் மலையை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் நேர்க்கோட்டில் தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். பெட்டி அதைத்தான் பெருமையாகக் காட்டும். 'அட, இந்தா இருக்கு!' என்று கிளம்பினால், நடுவே 1,800 மீட்டர் சுவர் மாதிரி நிற்கிறது. காக்காய்க்கு 15 கிலோமீட்டர். நமக்கு கொண்டை ஊசி, கொண்டை ஊசியாக இடுப்பு கழலும் சமாசாரம்.

1821-ல் லெப்டினன்ட் வார்ட் என்கிற வெள்ளைக்காரர் இந்த மலையை சர்வே செய்தபோது சாட்டிலைட் ஏது, பேட்டரி ஏது? 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மேலே பங்களா கட்டினார்கள். அப்புறம் துரைகளும் துரைசானிகளும் பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். கும்பக்கரை தாண்டி வெள்ளகவி கிராமம் வழியாகப் போகிறது அந்தப் பழைய பாதை. வெள்ளகவி ஊருக்குள் செருப்புப் போடுகிற வழக்கம் கிடையாது. மேப்பில் அந்தப் பாதையும் ஒரு கோடு, பத்தலக்குண்டு மலைச்சாலையும் ஒரு கோடு. ஒன்றில் பஸ் போகும், இன்னொன்றில் கழுதை போகும் என்று பெட்டிக்குத் தெரியுமா?

பேரிஜம் தாண்டி டாப் ஸ்டேஷன், மூணாறு என்று போகிற பழைய 'எஸ்கேப் ரோடு' இன்னும் மோசம். பெயரைக் கேட்டாலே பைக் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். அந்த வழி மூடப்பட்டுப் பல வருஷமாச்சு. 2013-ல் இங்கே சுமார் 600 சதுர கிலோமீட்டரை வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். பேரிஜம் ஏரிக்கே வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அனுமதியில்லாமல் காட்டுக்குள் வண்டியை விட்டால் 1972-ம் வருஷத்துச் சட்டத்தில் கேஸ். அதற்கு முன்னாலேயே காட்டு மாடு விசாரணையை முடித்துவிடலாம்.

'அப்ப எங்கேதான் ஓட்டுறது?' என்று முறைக்காதீர்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கிளாவரை. கீழ் மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர். கிராமத்து ரோடுகளே போதும். மழை பெய்து நாலு நாள் ஆனால் பாதி ரோடு தானாகவே 'ஆஃப் ரோடு' ஆகிவிடும்! பூம்பாறையில் படிக்கட்டு மாதிரி வயல்களையும் குழந்தை வேலப்பரையும் பார்த்துவிட்டு, மலைப்பூண்டு (2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு, சும்மா இல்லை) ஒரு கிலோ வாங்கினால் வீட்டில் திட்டு பாதியாகக் குறையும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். வானத்தில் குறைந்தது நாலு சாட்டிலைட் தெரிந்தால்தான் அதற்குத் தன் இடமும் உயரமும் தெரியும். சிக்னல் கிளம்பின நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரம் 300 மீட்டர் பிசகும். மலையில் 300 மீட்டர் என்றால் அடுத்த வளைவு, அல்லது அதல பாதாளம். 2000-ம் வருஷம் மே மாதம் வரை அமெரிக்கா பொதுஜனத்துக்கான சிக்னலை வேண்டுமென்றே கலங்கடித்து, 100 மீட்டர் வரை தப்பாகக் காட்ட வைத்திருந்தது. இப்போது அந்தக் குறும்பு இல்லை. ஆனால் சோலைக்காட்டின் ஈர இலையும், பாதி வானத்தை மறைக்கிற பாறையும் அந்த வேலையைச் செய்கின்றன. பாறையில் முட்டித் திரும்பி வருகிற சிக்னலை நம்பி, நீங்கள் பள்ளத்தில் நிற்பதாகப் பெட்டி சாதிக்கும். அதனால் வாங்கும்போது 'எல்1, எல்5' என்று இரண்டு அலைவரிசையும் பிடிக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் 'ஙே' என்று விழித்தால் அட்டைப் பெட்டியில் படித்துப் பாருங்கள்.

'செல்போன் போதாதா?' பூம்பாறை வரைக்கும் தாராளமாகப் போதும். டவர் இல்லாவிட்டாலும் போனுக்குள் இருக்கிற ஜி.பி.எஸ். வேலை செய்யும், மேப்பைத்தான் வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். பலர் இதைச் செய்யாமல் போய், வெள்ளைத் திரையில் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொரு விஷயம்: பைக் இன்ஜின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்தது. ஹேண்டில்பாரில் மாட்டினால் அதிர்வைத் தாங்கும் மவுன்ட் போடுங்கள், அல்லது பழைய போனை பலி கொடுங்கள். மழையில் நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது. கிளவுஸ் போட்ட விரல் என்றால் கேட்கவே வேண்டாம்.

கிளாவரை மாதிரி ரோடு முடிகிற ஊர் வரை அடிக்கடி போகிறவர் நீங்கள் என்றால், கைக்கு அடக்கமான தனிப் பெட்டி வாங்கலாம். கார்மின் இட்ரெக்ஸ் வகையறாவில் திரை சின்னது, அழகும் சுமார்தான். ஆனால் பட்டன் இருக்கிறது, மழைக்கு அசராது, சில மாடல்கள் இரண்டு பென்சில் பேட்டரியில் ஒரு நாள் முழுக்க ஓடும். பென்சில் பேட்டரி எந்த மலைக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் சீயக்காய்ப் பாக்கெட் பக்கத்தில் தொங்கும். பவர் பேங்க் தொங்காது!

பாட்டு, புளூடூத், கலர் என்று கடைக்காரர் எதைக் காட்டினாலும், ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: வந்த வழியைப் பதிந்து வைத்து, அதே வழியில் திரும்பக் கூட்டிப் போகிற 'டிராக்பேக்' வசதி. மத்தியானம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி, முன் சக்கரமே தெரியாதபோது உங்களுக்குத் தேவை புதுக் குறுக்கு வழி இல்லை. காலையில் டீ குடித்த கடை.

வாங்கக் கூடாத ஒரு வகை உண்டு. டவரே இல்லாத இடத்திலிருந்து சாட்டிலைட் வழியாக 'காப்பாற்றுங்கள்' என்று மெசேஜ் அனுப்புகிற, கார்மின் இன்ரீச் போன்ற பெட்டிகள். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு துபாய் மச்சானிடம் சொல்லி அனுப்பாதீர்கள். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருந்தால் குற்றம். 2024 டிசம்பரில் ஒரு கனடா நாட்டுப் பெண்மணி இதனோடு கோவா விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். நமக்கு டவர் உள்ள மேட்டுக்கு ஏறி 112-க்கு அடிப்பதுதான் வழி. போகிற இடத்தை முதல் நாளே யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். (வீட்டில் 'ஆபீஸ் டூர்' என்று சொன்னவர்கள் நண்பரிடமாவது!)

எத்தனை ஆயிரம் ரூபாய்ப் பெட்டி இருந்தாலும், பிரிகிற ரோட்டில் ஓரமாக நிறுத்தி பூண்டு மூட்டையோடு வருகிறவரைக் கேளுங்கள். "இப்படிப் போனா கிளாவரை வருமாண்ணே?"

"வரும் தம்பி. நேத்து மண்ணு சரிஞ்சிருக்கு. நடந்து போறீங்களா?"

இதை எந்த சாட்டிலைட்டும் சொல்லாது. கேட்டுவிட்டு டிராக்பேக்கை அமுக்குங்கள். கிளம்புமுன் இ-பாஸ், 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டி போக அது வேண்டும். டேங்கை கொடைக்கானல் டவுனிலேயே ரொப்பிக்கொள்ளுங்கள்.