சுர்மெனாழ்

என் ஸ்டாப்வாட்ச் மார்கழியிலிருந்து மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதற்கு முன் இரண்டு வருஷம், விடியற்காலை நாலரைக்குப் பேத்தியை எழுப்பி ஸ்கூட்டரில் உப்பளம் மைதானத்துக்கு அழைத்துப் போனவன் நான்தான். 800 மீட்டர் ஓடுவாள். வயது 14. கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பர்களுக்கெல்லாம் அவளுடைய நேரம் விநாடிக் கணக்கில் மனப்பாடம். அவ்வளவு பெருமை அடித்திருக்கிறேன்.

ஐப்பசியில் வேகம் குறைந்தது. பயிற்சியாளர் நாலு சுற்று கூட்டினார், நானும் தலையாட்டினேன். அடிக்கடி சளி. ராத்திரியில் தூக்கம் இல்லை. தட்டில் பாதிச் சோறு மிச்சம். தம்பி பேனாவை எடுத்தால்கூடக் கத்துவாள். வயசுக் கோளாறு என்றேன். தினம் அவள் கண் விழித்ததும் நாடி பார்த்து நோட்டில் எழுதுவது என் வழக்கம். 58 ஆக இருந்தது 70, 72 என்று ஏறியிருந்தது. எழுதினேனே தவிர யோசிக்கவில்லை. குறிப்பெழுதிக் கோப்பை மேலே அனுப்பியே பழகிய குமாஸ்தா கை!

பிறகு முழங்காலுக்குக் கீழே வலி. எலும்பில் மயிரிழை விரிசல் என்றார் டாக்டரம்மா. என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு என் மகளிடமும் பேத்தியிடமும் வெகுநேரம் பேசினார். மூன்று மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லையாம், பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லை. ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாவிட்டால் அதுவும் நின்றுபோகும், எலும்பும் நலியும் என்று விளக்கினார். “காலைவிட மனசுதான் ரொம்பக் களைச்சிருக்கு ஐயா” என்றார்.

பள்ளியில் படித்த ‘சுர்மெனாழ்’ என்ற சொல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அளவுக்கு மீறிய உழைப்பால் வரும் சோர்வு. முதலில் அது மாட்டையும் குதிரையையும் சக்திக்கு மீறி விரட்டுவதைக் குறித்த சொல். மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போகும் வண்டி மாட்டை உதாரணம் காட்டினார் எங்கள் முசே. விரட்டுபவன் யார் என்று நான் அன்று கேட்கவில்லை.

ஜெனிபர் கப்ரியாத்தியை ஞாபகம் இருக்கிறதா? 1990ல் 13 வயதில் தொழில்முறை டென்னிசுக்கு வந்த பெண். அதே வருஷம் ரோலான் காரோஸில் அரையிறுதி, 1992ல் பார்சிலோனாவில் ஸ்டெபி கிராபை வென்று தங்கம். அடுத்த வருஷம் 17 வயதில் ஆட்டத்தையே விட்டு ஒதுங்கிப் போனாள். அதற்குப் பிறகுதான் சிறுமிகள் வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அவள் திரும்பி வந்து 2001ல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சுப் பட்டங்களை வென்றது வேறு கதை. அன்று அதையெல்லாம் பேப்பரில் படித்துவிட்டு, அந்தத் தகப்பனைத்தான் நான் திட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் பேத்தி மெதுவாகக் கேட்டாள்: “தாத்தா, நான் ஓடலைன்னா காலையில நீங்க என்ன பண்ணுவீங்க?”

அந்தக் கேள்வியை எத்தனை நாள் மனசில் வைத்திருந்தாளோ! நான் வாய் திறக்கவில்லை.

இப்போது ஏழு மணி வரை தூங்குகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். கால் ஆறிவிட்டது. போன ஞாயிறு தானாகவே என்னோடு கடற்கரைக்கு வந்தாள். காந்தி சிலை தாண்டியதும் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓடினாள். என் இன்னொரு கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. காலிப் பை.