லவ் போஷனுக்கு ஒரு லேபிள்!

ஹாரி பாட்டர் ரசிகர்களே, ஞாபகம் இருக்கா? 2005-ல வந்த ஆறாவது புத்தகத்துல, ஹாரிக்கு ஒரு பொண்ணு கொடுத்த சாக்லேட்டை ரான் எடுத்து முழுங்கிடுவான். அதுக்குள்ள லவ் போஷன்! அவ்வளவா பழக்கமே இல்லாத அந்தப் பொண்ணை நினைச்சு உருகோ உருகுனு உருகுவான். விழுந்து விழுந்து சிரிச்சோம். அதே புத்தகத்துல, மெரோப் என்கிற பெண் இதே மாதிரி மருந்து கொடுத்துத்தான் டாம் ரிடிலைக் கல்யாணம் பண்ணியிருக்கணும்னு டம்பிள்டோர் யூகிப்பார். மருந்தை நிறுத்தினதும் அவன் ஓடிப்போயிடுறான். அவங்களுக்குப் பிறந்த குழந்தைதான் வோல்டெமார்ட்!

ஒரே சமாசாரம். ஒரு இடத்துல காமெடி, இன்னொரு இடத்துல கொடுமை. சரி, உங்க கதையில அது எது?

'என் கதையா?'னு முழிக்காதீங்க. ரெக்கார்டு நோட் எழுதச் சொன்னா வலிக்கிற கை, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் போர்வைக்குள்ள ஃபேன் ஃபிக்‌ஷன் பத்தாவது அத்தியாயத்தைத் தட்டிட்டு இருக்கிறது ஊருக்கே தெரியும். தப்பே இல்லை, எழுதுங்க. ஆனா, எழுதும்போது ரெண்டு பேர்கிட்ட சம்மதம் கேட்கணும்.

முதல் ஆள், உங்க கதாபாத்திரம். மருந்து கொடுத்து வரவெச்ச காதல், போதையில சொன்ன 'சரி', வேலை போயிடுமோனு பயந்து பாஸுக்குத் தலையாட்டுறது... இதெல்லாம் நிஜமான சம்மதமா? ஃபேன் ஃபிக்‌ஷன் ஆட்கள் இதுக்கு எப்பவோ பேர் வெச்சுட்டாங்க. சம்மதமே இல்லைன்னா 'நான்-கான்'. சம்மதம் சந்தேகமா இருந்தா 'டப்-கான்'. 'வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம்'னு ஹீரோ துரத்துற படங்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, அந்த ரெண்டாவது வார்த்தைதான் ரொம்ப முக்கியம். இருட்டான விஷயத்தை எழுதவே கூடாதுனு யாரும் சொல்லலை. இருட்டுனு தெரிஞ்சு எழுதுங்க. கட்டாயப்படுத்துறதையே ரொமான்ஸ்னு நினைச்சு எழுதுறதுதான் வில்லங்கம்.

ரெண்டாவது ஆள், படிக்கிறவங்க. ரசிகர்களே லாப நோக்கு இல்லாம நடத்துற 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' கதைக் களஞ்சியம் 2009-ல எல்லாருக்கும் திறந்தது. 2019-ல ஹியூகோ விருதே வாங்கிடுச்சு. அங்கே கதையைப் போடணும்னா, எச்சரிக்கைப் பகுதியில எதையாவது தேர்ந்தெடுத்தே ஆகணும். அப்பட்டமான வன்முறை, முக்கிய கதாபாத்திரத்தின் மரணம், பாலியல் வன்முறை, 18 வயசு ஆகாதவங்க சம்பந்தப்பட்ட பாலியல் காட்சினு நாலு எச்சரிக்கைகள். நாலும் இல்லைன்னா, 'எதுவும் பொருந்தாது'.

'எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டா சஸ்பென்ஸ் போயிடுமே பாஸ்'னு புலம்புறவங்களுக்கும் அங்கே வழி இருக்கு. 'எச்சரிக்கை போட விரும்பலை'னு ஒரு ஆப்ஷன். இதை 'எதுவும் இல்லை'னு படிச்சுடாதீங்க. 'உள்ளே எது வேணா இருக்கலாம், உங்க பொறுப்பு'னு அர்த்தம். ட்விஸ்ட்டும் தப்பிச்சுது, படிக்கிறவங்களும் ஏமாறலை. பிஸ்கட் பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கிறதால ருசி குறைஞ்சா போகுது?

இன்னொரு கட்சி, 'எச்சரிக்கையால பிரயோஜனமே இல்லை, ஆராய்ச்சியே சொல்லுது'ம்பாங்க. அதுல பாதி உண்மை. இதுபத்தின ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து அலசி 2023-ல வெளியான கட்டுரை, எச்சரிக்கை போட்டாலும் படிக்கும்போது வர்ற வேதனை குறையலை, படிக்கிறதுக்கு முன்னாடி வர்ற பதற்றம்தான் கூடுதுனு சொல்லுது. இருக்கட்டும். எச்சரிக்கை மருந்து இல்லை, கதவுல தட்டுற மாதிரி. தட்டுறதால உள்ளே இருக்கிறவங்க வலி குறையாது. ஆனா, திறக்கிறதா வேணாமானு அவங்களே முடிவு பண்ணலாம். நிஜ வாழ்க்கையில தன் சம்மதத்தை யாரோ மிதிச்சுட்டுப் போன ஒரு பொண்ணு, ஒரு பையன், உங்க கதையைப் படிக்க வரலாம். காலேஜ், வீடு எல்லாத்தையும் மறந்து கொஞ்ச நேரம் ஹாக்வார்ட்ஸ்ல இருக்கலாம்னு வந்தவங்களை, ஏழாவது அத்தியாயத்துல சொல்லாமக்கொள்ளாம அதே அறைக்குள்ள தள்ளிவிடலாமா?

சரி, எப்படிப் போடுறது? 'இளகிய மனசுக்காரங்க படிக்காதீங்க'ன்னா யாருக்கும் எதுவும் புரியாது. 'இந்த அத்தியாயத்தில் தற்கொலை முயற்சி வருகிறது'னு நேராச் சொல்லுங்க. அதையும் கடைசியில போடாம, முதல் வரிக்கு மேலே போடுங்க. தொடர்கதை பாதியில திசை மாறினா எச்சரிக்கையையும் மாத்துங்க. 'காபி குடிக்கிறாங்க, மழை பெய்யுது'னு நாப்பது டேக் போட்டு, அதுக்கு நடுவுல முக்கியமானதை ஒளிச்சுவைக்காதீங்க. உங்களுக்கே குழப்பமா இருந்தா, வெளியிடுறதுக்கு முன்னாடி ஃப்ரெண்ட்கிட்ட காட்டி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 'இந்த சீன்ல அவளுக்கு 'முடியாது'னு சொல்ல வழி இருந்துச்சா?'

'இல்லை'னு பதில் வந்தா, சீனைக் கிழிச்சுப் போடணும்னு அவசியம் இல்லை. அது லவ் சீன் இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டுத் திரும்ப எழுதுங்க. மேலே ஒரு வரி எச்சரிக்கையையும் சேர்த்துடுங்க. அந்த ஒரு வரி எழுத அரை நிமிஷம்கூட ஆகாது மக்களே!