அப்பாவோட முழங்காலும் ஆம்னியோட கிளட்ச்சும்

பரீட்சையில கிளட்ச் பத்திக் கேட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு எழுதுவேன். சிங்கிள் பிளேட், மல்டி பிளேட், யூனிஃபார்ம் பிரஷர் தியரி, யூனிஃபார்ம் வேர் தியரி, பிளேட் ரெண்டு பக்கமும் உரசுறதால ரெண்டால பெருக்கணும்... எல்லாம் அத்துப்படி. மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறவன் ஆச்சே! ஆனா எங்க வீட்டு வண்டியோட கிளட்ச் பத்து மாசமா செத்துக்கிட்டு இருந்தது மட்டும் எனக்குத் தெரியாமப் போச்சு. அந்தக் கதைதான் இது. நம்ம செட்டுப் பசங்க சிரிச்சாலும் பரவாயில்லை.

எங்க ஊர் அனுமந்தை. ஈ.சி.ஆர்.ல சென்னையிலிருந்து புதுச்சேரி போறப்ப, மரக்காணம் உப்பளம் எல்லாம் தாண்டினதும் வரும். அப்பாகிட்ட ஒரு மாருதி ஆம்னி இருக்கு. 1984-ல மாருதி வேன்னு வந்து, அப்புறம் ஆம்னின்னு பேர் மாறி, 2019-ல கம்பெனி நிறுத்தின அதே வண்டிதான். நாங்க மூணாவது ஓனர். உப்பு சீசன்ல விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்கு வேலைக்குப் போற பொம்பளைங்களை அப்பா ஏத்திட்டுப் போவார். அதுல எங்க அம்மாவும் ஒரு ஆள். மழை வந்து பாத்தியெல்லாம் தண்ணி நின்னுட்டா அந்த வேலை இல்லை. அப்போ கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் சவாரிதான் சோறு போடும்.

தை மாசத்திலிருந்தே அப்பாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி வந்து திண்ணைல உட்கார்ந்து தைலம் தேய்ப்பார். ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கினார், எக்ஸ்ரே எடுத்தார். "வயசாகுது, தேய்மானம்"னு சொல்லிட்டாங்க. எங்க யாருக்குமே தோணாத ஒரு கேள்வி இருந்தது. வயசு ரெண்டு காலுக்கும் ஒண்ணுதானே, வலி மட்டும் ஏன் இடது கால்ல?

ஐப்பசி மாசம் ஒரு கல்யாண சவாரி, மயிலம் முருகன் கோயிலுக்கு. எங்க பக்கம் ரோடெல்லாம் சமதரை. மேடுன்னு பார்க்கணும்னா மயிலம் மாதிரி குன்றுக்குத்தான் போகணும். லீவுன்னு நானும் கூடப் போனேன். மேடு ஏறும்போது அப்பா ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், இன்ஜின் கத்துது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது. வண்டிக்குள்ள எண்ணெய் தீஞ்ச மாதிரி ஒரு நாத்தம். பட்டுப் புடவை கட்டின அத்தைங்க எல்லாம் இறங்கி நடந்தாங்க. அப்பா மூஞ்சியை அன்னைக்கு நான் பார்க்கலை. பார்க்கப் பிடிக்கலை.

மறுநாள் புதுச்சேரியில ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஒருத்தர் வந்து உட்கார்ந்தார், ஒரு ரவுண்டு ஓட்டினார், இறங்கினார். "கிளட்ச் செட்டு போச்சு, ஃபிளைவீலும் மாத்தணும், எல்லாம் சேர்த்து 14,000 ஆகும்"னு சொல்லிட்டார். வண்டியைக் கழட்டிக்கூடப் பார்க்கலை. அப்பா "யோசிச்சு சொல்றேன் சார்"னு சொல்லிட்டு வெளியே வந்தார். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

வீட்ல இருந்தது அம்மா அக்கவுண்ட்டுக்கு வந்த 5,000 ரூபாய். மழைக்காலத்துல உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லைன்னு அரசாங்கம் தர்ற நிவாரணம். அதுலதான் அரிசி, அதுலதான் என்னோட எக்ஸாம் ஃபீஸ்.

அப்புறம் மரக்காணத்துல, புளியமரத்தடியில கொட்டாய் போட்டிருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். அவர் வண்டியை ஓட்டவே இல்லை. முதல்ல கையால கிளட்ச் பெடலை அமுக்கினார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணே, இதை எப்படிண்ணே தினம் மிதிக்கிறீங்க? கால் வலிக்கல?"

எனக்கு அங்கேயே தூக்கிவாரிப் போட்டது.

அப்புறம் ஒவ்வொண்ணா காட்டினார். ஆம்னியில பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு கம்பி கேபிள். பெடலை விரலால அமுக்கினா முதல்ல கொஞ்ச தூரம் லூசா போகணும். அதுக்குப் பேர் 'ப்ளே'. எங்க வண்டியில ப்ளே சுத்தமா இல்லை. கேபிளை உருவிக் காட்டினார். வெளியே உறை நல்லாத்தான் இருந்தது, உள்ளே கம்பி துருவேறி சொரசொரன்னு இருந்தது. உப்புக் காத்து ஒரு பக்கம், உப்புத் தண்ணி காலோட தினம் ஏறி இறங்குற சனம் ஒரு பக்கம். ஈரத்தை இழுத்து வெச்சுக்கிறது உப்போட குணம். இரும்பு என்ன பண்ணும்?

துரு ஏறினதால கம்பி முழுசா இழுபடலை. அதனால கியர் போடும்போது கரகரன்னு சத்தம். சத்தம் வந்தா அப்பா கீழே படுத்து அட்ஜஸ்ட் நட்டை ரெண்டு சுத்து டைட் பண்ணிடுவார். செலவு பைசா இல்லை. கியர் சத்தமில்லாம விழும். ஆனா டைட் பண்ணப் பண்ண ப்ளே போயிடும். கால் எடுத்த பிறகும் கிளட்ச் பாதி அமுங்கின மாதிரியே இருக்கும். பிளேட் முழுசாப் பிடிக்காம வழுக்கி வழுக்கி சூடாகித் தேயும். இன்ஜின் கத்தினதும், தீஞ்ச நாத்தமும் அதுதான்.

"அப்போ நட்டை லூஸ் பண்ணினா சரியாயிடுமா அண்ணே?" நான் என் படிப்பைக் காட்டினேன்.

"பாத்துருவோம் தம்பி."

நட்டைத் தளர்த்தி ப்ளே வெச்சார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிச்சு, நாலாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவா விட்டார். நல்ல கிளட்ச்சா இருந்தா இன்ஜின் திணறி ஆஃப் ஆகணும். எங்களுது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்தது. "பிளேட் போச்சு, இப்ப சந்தேகமே இல்லை"ன்னார்.

கியர்பாக்ஸை இறக்கினதும் பார்த்தோம். பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ஞ்சிருந்தது. ஃபிளைவீல்ல நீலம் நீலமா சூட்டுத் தழும்பு, விரிசல் இல்லை. "மாத்த வேணாம், லேத்துல முகம் எடுத்தா போதும்"னார். பேரிங் சத்தம் போடலையே, அதை ஏன் மாத்தணும்னு அப்பா கேட்டார். "இன்னும் ஆறு மாசத்துல அது போனா மறுபடி இதே கூலி குடுத்து இறக்கணும்ணே, பரவாயில்லையா?" அப்பா தலையாட்டினார்.

கணக்கு இதுதான்: பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் சேர்ந்த செட்டு 3,200. கேபிள் 400. லேத்து 500. கூலி 1,500. ஆயில், சில்லறை 300. ஆக மொத்தம் 5,900 ரூபாய். அம்மா 5,000-த்தை எடுத்துக் குடுத்துட்டாங்க. மிச்சம் 900-ஐ மூணு சவாரி கழிச்சு வாங்கிக்கிறேன்னார் அந்த அண்ணன். என் எக்ஸாம் ஃபீஸை ஃபைனோட கட்டினேன். அந்த மாசம் ரேஷன் அரிசிதான். யாரும் ஒண்ணும் பேசலை.

இதுல என்னை உறுத்துறது அந்த 400 ரூபாய்தான். தை மாசமே கேபிளை மட்டும் மாத்தியிருந்தா பிளேட் இன்னும் எத்தனையோ நாள் ஓடியிருக்கும். கால் வலிக்கு வாங்கின மாத்திரை, எக்ஸ்ரே செலவே அதைவிட ஜாஸ்தி. வண்டிக்கு வந்த நோய்க்கு நாங்க அப்பாவுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம். காசு இல்லாத வீட்ல எதையும் 'அட்ஜஸ்ட்' பண்ணிக்கிறதுதான் வழக்கம். அப்பா நட்டை அட்ஜஸ்ட் பண்ணினார், வலியை அட்ஜஸ்ட் பண்ணினார். ரெண்டுலயும் செலவு தள்ளிப் போச்சே தவிர குறையலை.

புது கேபிள் போட்டதும் நானே உட்கார்ந்து பெடலை மிதிச்சுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. ரெண்டு வருஷமா அந்த வண்டியில நான் ஏறி இறங்கியிருக்கேன். ஒரு நாள்கூட டிரைவர் சீட்ல உட்கார்ந்து அந்தப் பெடலை மிதிச்சதில்லை. மிதிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

அப்பா முழங்கால் முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தைல பாட்டில் இப்போ திண்ணைல இல்லை, அலமாரியில இருக்கு. பொங்கல் கழிஞ்சு உப்பு வேலை ஆரம்பிச்சதும் வண்டி மறுபடி விடியற்காலைல கிளம்பிடுச்சு.

உங்க வீட்லயும் ஒரு பழைய வண்டி இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை அதோட கிளட்ச்சை நீங்களே ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க. அதை தினம் மிதிக்கிறவர்கிட்ட எந்தக் கால் வலிக்குதுன்னும் கேளுங்க.