வாலை விடுங்கள், கையைப் பாருங்கள்

குரங்கு என்றதும் வால்தான் நினைவுக்கு வரும். ஆனால் வாலை வைத்து உறவு பார்த்தால் நமக்கு நெருங்கிய சொந்தம் தேவாங்கு என்றாகிவிடும். இருவருக்குமே வெளியே தெரிகிற வால் கிடையாது. உண்மையில் நம் தமிழ்நாட்டு வகைகளிலேயே நமக்கு மிகத் தூரத்து உறவு அதுதான்.

உறவுக்கணக்கில் தடுமாறியவர்கள் பெரிய ஆட்களே. 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் மனிதன், குரங்கு, லெமூரோடு வௌவாலையும் சேர்த்துப் பிரைமேட் வரிசையில் உட்கார வைத்தார். மேலே நான்கு வெட்டுப்பல், மார்பில் இரண்டு முலைக்காம்பு என்பது அவர் கணக்கு. பின்னால் வந்தவர்கள் வௌவாலை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால், முதலில் கையைப் பார்க்க வேண்டும்.

தேவாங்கின் கை ஒரு இடுக்கி. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு நேர் எதிரே விரிந்து நிற்கும். குறுக்கே வந்து இடைஞ்சல் செய்யாதபடி ஆள்காட்டி விரல் குட்டையாகிவிட்டது. கைகால்களில் ரத்தக்குழாய் வலையாகப் பிரிந்து ஓடுவதால் மணிக்கணக்கில் கிளையைப் பற்றியிருந்தாலும் மரத்துப்போவதில்லை. அது தாவாது. சத்தமில்லாமல் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துப் போய், பூச்சியின் அருகே வந்ததும் கையை நீட்டி வெடுக்கென்று பிடிக்கும். மூக்கு ஈரம், இருட்டில் டார்ச் பட்டால் கண் பளபளக்கும். குரங்குக்கும் நமக்கும் மூக்கு காய்ந்தது, கண்ணில் அந்தப் பளபளப்பும் இல்லை. பெரிய பிரிவினை அங்கேதான். கண்ணுக்காகவும் மாந்திரீகத்துக்காகவும் இந்தச் சாதுவைப் பிடித்துப் படுத்தியது போதும் என்றோ என்னவோ, 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் இதற்கென்றே அறிவிக்கப்பட்டது.

வால்பாறைப் பக்கம் போனால் கருமந்தியும் சிங்கவால் குரங்கும் ஒரே சோலையில் கிடைக்கும். இரண்டும் கறுப்பு, தூரத்தில் குழப்பும். நடமாட்டம் காட்டிக்கொடுத்துவிடும். கருமந்திக்குப் பின்னங்கால் நீளம், வால் உடம்பைவிட நீளம். மரத்துக்கு மரம் எகிறும்போது கிளையை விரல்களால் கொக்கி போட்டுப் பிடிக்கும். கட்டைவிரல் பேருக்குத்தான் இருக்கிறது. அறிவியல் பெயரில் இருக்கும் ‘ஜானி’, தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜானை நினைவுகூர்வது. பாதிரியார் பெயரைச் சுமந்தும் லேகியக்காரர்களிடமிருந்து அது தப்பவில்லை.

சிங்கவாலுக்கு நல்ல கட்டைவிரல். பட்டையை உரிக்கும், சுருண்ட இலையைப் பிரித்துப் புழு தேடும், பலாப்பழத்தைப் பிய்க்கும். அவசரமாகக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய், ஓரமாக உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தி அழுத்தி வாய்க்குள் தள்ளி மெல்லும். நம் கோயில் படிக்கட்டு நாட்டுக்குரங்கும் அப்படியேதான். இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்.

நம் கை இவை எதோடும் முழுசாகப் பொருந்தாது. தோளைப் பார்த்தால் புரியும். டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறோமே, அது வாலில்லாக் குரங்கினத்தின் சொத்து. மார்பு அகலம், தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம். அஸ்ஸாம் காட்டு ஹூலக் கிப்பனுக்கும் இதே அமைப்புத்தான். அது கைமாற்றிக் கைமாற்றி ஊசலாடியே காட்டைக் கடக்கிறது. நாம் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறோம்.

வால்பாறை எஸ்டேட் லயத்தில் ஓர் அம்மாவிடம் குரங்குத் தொந்தரவு எப்படி என்று கேட்டேன். “கருமந்தி வராது தம்பி. சிங்கவாலுதான் சோத்துச் சட்டியத் தொறந்துடும்” என்றார். அறைகள் பிரிந்த வயிற்றில் இலையை நுண்ணுயிர்களால் புளிக்கவைத்துச் செரிக்கும் கருமந்திக்கு நம் சாம்பார்சாதம் எதற்கு? எடுத்து ஒளித்துவைக்கக் கன்னப்பையும் இல்லை. சிங்கவாலுக்குப் பையும் இருக்கிறது, மூடியைத் திருகும் விரலும் இருக்கிறது. சோலை துண்டு துண்டாகத் தேயிலைக்குப் போனதும், அதிகம் தரையிறங்காத அந்தக் குரங்கு ரோட்டுக்கு இறங்கியது. வண்டியில் அடிபடாமலிருக்க இப்போது ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். சட்டிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “மேல அம்மிக்கல்ல தூக்கி வெச்சிருக்கேன்” என்றார்.