வேரில் வாழும் துணைவர்கள்



ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தில், "நுண்ணுயிர் என்றதும் நினைவுக்கு வருவது யாது?" எனக் கேட்டேன். "நோய்!" என்று வகுப்பே ஒரே குரலில் விடையளித்தது. குறை மாணவர்களுடையதன்று, பல்லாண்டுகளாக நோய்க் கிருமிகளை மட்டுமே வலியுறுத்திய என்னுடையது.

மறுநாள், குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் செம்பனைகளுக்கிடையே படர்ந்திருந்த பயற்றினக் கொடியை வேருடன் கொண்டு சென்றேன். என் தந்தையார் பால்மரம் சீவிய காலத்தில், காலில் சிக்கும் களையென்றே இக்கொடியை எண்ணியிருந்தேன். வேரில் சிறு சிறு முடிச்சுகள். ஒன்றைக் கீறினோம்; உள்ளே இளஞ்சிவப்பு. அங்கு வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்குகின்றன; செடி அவற்றிற்குச் சர்க்கரை அளிக்கிறது. டச்சு அறிவியலர் பெயரிங்க் 1888இல் இவற்றைப் பிரித்தெடுத்தார். உதிர்ந்த இலைகளை மண்ணிலுள்ள பிற நுண்ணுயிர்கள் மட்கச் செய்ய, அச்சத்து மரங்களையும் அடைகிறது.

"எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிட்டால் காடு என்னவாகும், ஐயா?" என்றாள் ஒரு மாணவி.

"இலை மட்காது, மண் வளமிழக்கும், மரம் வாடும்" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று.

பெற்றோர்களே, வீட்டில் பயத்தங்காய்க் கொடி காய்த்து ஓய்ந்ததும் அதன் வேரைப் பிள்ளைகளுடன் பாருங்கள். பின்னர், மறவாமல் கை கழுவுங்கள். இரண்டுமே பாடந்தான்.