'மண்டையில ஏறாது' என்று சொல்ல முன்



உக்குவளை, வரக்காமுறை, கலேவெல என்று மாத்தளை மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் வார இறுதியில் ஒன்றுகூடி உட்படுத்தல் கல்வி படிக்கிறோம். 'மண்டையில ஏறாது' என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலருக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் விதம்தான் ஒத்துவருவதில்லை என்பது படிக்கப் படிக்கத்தான் புரிகிறது.

ஒரு பிள்ளை. எழுதச் சொன்னால் ண, ன, ந மூன்றும் இடம் மாறும், கொம்பும் அரவும் காணாமல் போகும். தவணைப் பரீட்சையில் கணக்குப் புள்ளி 20ஐத் தாண்டாது. வினாவை வாசித்துக் காட்டி, விடையை வாயால் சொல்ல விட்டால் பாதிக்கு மேல் சரி!

1994 இல் சலமன்காவில் 92 அரசுகள் கூடி, சாதாரண பாடசாலை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது. கடதாசியில் குறையில்லை. 40 பிள்ளைகளோடு ஒற்றை ஆசிரியர் என்ன செய்வார் என்று விரிவுரையில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான்.

அதைவிடக் கஷ்டம் பெற்றோரிடம் பேசுவது. "என்ட புள்ளைக்கு ஒண்ணுமில்ல டீச்சர்." பெயர் வந்தால் கலியாணப் பேச்சு வரை தொடரும் என்ற பயம். கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களுக்காக அபஸ சூரா இறங்கியதை ஓதி வளர்ந்த சமூகம் நாம். மதீனாப் பள்ளியில் அவர் பாங்கும் சொன்னார்.

பிள்ளை எழுத்தில் தடுமாறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். வகுப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தரம் 2 இலேயே சொல்லுங்கள், புலமைப்பரிசில் வருடம் வரை பார்த்திருக்க வேண்டாம்.